புது மாடல் வருதாம்... பொறுக்கலாமா, இருக்கிற காரையே எடுத்துடலாமா?

சென்னை:

"மச்சான், அவசரப்பட்டு எடுத்துடாதீங்க. இதே வண்டியில புது மாடல் வரப்போகுதாம். கொஞ்சம் பொறுங்க..."

கார் வாங்கப் போகிற வீட்டில் எல்லாம் இந்த வசனத்தைச் சொல்ல ஒரு மச்சான் இருப்பார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று ராத்திரி தூக்கம் போவது வாங்குகிறவருக்குத்தான்.

ஆவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், முட்டி வலியோடு அம்மா. வாசலில் 12 வருஷம் ஓடிக் களைத்த ஒரு சின்ன கார். ஊருக்குப் போனால் அம்மா இறங்கி நிமிர்வதற்கே ஐந்து நிமிஷம் ஆகிறது. கொஞ்சம் உயரமான, பெட்டி படுக்கையோடு ஐந்து பேர் தாராளமாக உட்காரும் வண்டி வேண்டும். சீட்டு எடுத்த பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 10 லட்சத்துக்கு பேங்க் லோன். நடுத்தர சைஸ் எஸ்.யூ.வி. ஒன்று பிடித்தும் போய்விட்டது.

"இந்த மாசமே புக் பண்ணுங்க சார், நல்ல தள்ளுபடி இருக்கு" என்கிறார் ஷோரூம் சேல்ஸ்மேன். "பொறுங்க" என்கிறார் மச்சான். யார் பேச்சைக் கேட்பது?

14 லட்சம் என்பது பட்டறைக்காரருக்குப் பல வருஷ வேர்வை. அவசரப்பட்டாலும் நஷ்டம் வரும், சும்மா காத்திருந்தாலும் நஷ்டம் வரும். இரண்டுமே நம்மூர் ஆட்களுக்கு நடந்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ...

புது மாடல் என்றால் எந்தப் புதுசு?

'புது மாடல்' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் குழம்புகிறார்கள்.

முதல் வகை, முகம் மாற்றுவது. இதை 'ஃபேஸ்லிஃப்ட்' என்பார்கள். முன்பக்க கிரில், பம்பர், விளக்கு, உள்ளே ஸ்கிரீன் ஆகியவை மாறும். சில வசதிகள் கூடும். ஆனால் வண்டியின் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதுதான்.

இரண்டாவது வகை, தலைமுறை மாற்றம். அடித்தளம், பாடி, பல நேரங்களில் எஞ்சினும் மாறும். பெயர் மட்டும்தான் பழசு, வண்டி புதுசு.

நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி 2015 ஜூலையில் 8.59 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. 2018 மே மாதம் முகம் மாறியது. 2020 மார்ச்சில் தலைமுறையே மாறியது. 1.6 லிட்டர் எஞ்சின் போய் 1.5 லிட்டர் எஞ்சின் வந்தது. ஆரம்ப விலை 9.99 லட்சம் ஆனது. 2024 ஜனவரியில் மறுபடி முகம் மாறியபோது ஆரம்ப விலை 10.99 லட்சம்.

கியா செல்டோஸ் 2019 ஆகஸ்டில் வந்தது. 2023 ஜூலையில் முகம் மாறியது. 2026 ஜனவரியில் இரண்டாவது தலைமுறை விற்பனைக்கு வந்தது.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு முறை முகம் மாறுகிறது. ஐந்து, ஆறு வருஷத்துக்கு ஒரு முறை வண்டியே மாறுகிறது. அதாவது நீங்கள் எப்போது ஷோரூம் போனாலும் "அடுத்து புதுசு வருது" என்ற பேச்சு இருக்கத்தான் செய்யும். அது ஓயவே ஓயாது!

எனவே மச்சானிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வரப்போவது முகமா, வண்டியா?" என்பதுதான். வெறும் முகம் மாறுவதற்காக ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

8 வருஷம் காத்திருந்த கதை

காத்திருந்து ஏமாந்ததற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரகடம் தொழிற்சாலையில் தயாரான ரெனால்ட் டஸ்டர்!

2012 ஜூலையில் இந்த வண்டி வந்தபோது சாலையில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கரடுமுரடான ரோட்டிலும் அலுங்காமல் போகும் என்று பெயர் வாங்கியது. 2017-ல் வெளிநாட்டில் இரண்டாவது தலைமுறை டஸ்டர் அறிமுகமானது. "இங்கேயும் வந்துடும், பொறுத்து எடுத்துக்கலாம்" என்று நினைத்தவர்கள் ஏராளம்.

என்ன நடந்தது? 2019-ல் இங்கே வந்தது பழைய தலைமுறையின் முகம் மாற்றிய வண்டிதான். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்ததும் டீசல் டஸ்டர் நின்றது. 2022-ல் வண்டியே நின்று போனது. இரண்டாவது தலைமுறை இந்தியாவுக்கு வரவே இல்லை. மூன்றாவது தலைமுறை டஸ்டரைத்தான் 2026 ஜனவரி 26-ந்தேதி இங்கே காட்டினார்கள்.

2017-ல் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு "புது டஸ்டர் வரட்டும்" என்று காத்திருந்த அப்பா, அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் காத்திருந்திருப்பார் என்பது குறிப்பிடத்தக்கது.

வெளிநாட்டில் வந்துவிட்டது என்பதற்காக இங்கே வரும் என்று நிச்சயம் இல்லை. கருப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பதற்காக அடுத்த மாதமே ஷோரூமுக்கு வந்துவிடும் என்றும் அர்த்தம் இல்லை.

19 நாள் பொறுத்தவருக்கு லாபம்!

அதற்காகக் காத்திருப்பதே தப்பு என்று சொல்லவில்லை. காத்திருந்து ஜெயித்தவர்களும் உண்டு.

2025 ஆகஸ்ட் 15-ந்தேதி சுதந்திர தின உரையில், ஜி.எஸ்.டி.யில் மாற்றம் வரும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3-ந்தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் புது வரியை முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் அமல் என்று தேதியும் சொல்லிவிட்டார்கள்.

4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட கார்களுக்கு அதுவரை செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீத வரி. அது 40 ஆனது. அதைவிடப் பெரிய எஞ்சின் உள்ள எஸ்.யூ.வி.க்களுக்கு 50 சதவீதம் இருந்தது. அதுவும் 40 ஆனது. கிரெட்டாவின் விலை வகையைப் பொறுத்து அதிகபட்சம் 72 ஆயிரம் ரூபாய் வரை இறங்கியது. மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700 விலை அதிகபட்சம் 1.43 லட்சம் வரை இறங்கியது.

செப்டம்பர் 3-ந்தேதி செய்தியைப் படித்துவிட்டு 19 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவருக்குக் கிடைத்த லாபம் இது. அடேங்கப்பா!

டஸ்டருக்குக் காத்திருந்தவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? முன்னவர் காத்திருந்தது வெறும் பேச்சுக்காக. பின்னவருக்குத் தேதியும் தெரியும், எவ்வளவு குறையும் என்பதும் தெரியும்.

இந்த விஷயத்தில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒரே வரிதான்: தேதியும் விலையும் தெரிந்தால் காத்திருங்கள். தெரியாவிட்டால் அது காத்திருப்பு இல்லை, தள்ளிப்போடுவது.

2026-ல் வந்த புது செல்டோஸை 2025 டிசம்பர் 10-ந்தேதி காட்டினார்கள். ஜனவரி 2-ந்தேதி விலை அறிவித்துவிட்டார்கள், 10.99 லட்சத்தில் ஆரம்பம். இடையில் மூன்று வாரம்தான். கம்பெனியே வண்டியைக் காட்டிவிட்ட பிறகு மூன்று, நான்கு வாரம் பொறுப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

காத்திருக்கும்போது ஏறுகிற கணக்கு

"சும்மாதானே இருக்கோம், காத்திருந்தா என்ன செலவு?" என்று கேட்கலாம். செலவு இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.

முதல் செலவு, ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி ஏறியது. அதற்கு முன் 10 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு 15 சதவீதம். இப்போது 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம்.

2023 அக்டோபரில் 12 லட்சம் ரூபாய் கார் எடுத்தவர் கட்டிய வரி 1.80 லட்சம். "ஜனவரியில் புது முகம் வரும்" என்று காத்திருந்து அதே விலைக்கு எடுத்தவர் கட்டியது 2.16 லட்சம். வரியில் மட்டும் 36 ஆயிரம் ரூபாய் போச்சு!

இன்னொரு இடத்திலும் உஷாராக இருக்க வேண்டும். இப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டி 9.90 லட்சம் என்றால் 13 சதவீதக் கணக்கில் வரி 1 லட்சத்து 28 ஆயிரத்து 700. புது மாடலில் அது 10.90 லட்சம் ஆகிவிட்டால் 18 சதவீதக் கணக்கில் 1 லட்சத்து 96 ஆயிரத்து 200. விலை ஏறியது 1 லட்சம் மட்டும் இல்லை, வரியிலும் 67,500 ரூபாய் ஏறிவிட்டது. 10 லட்சம் என்ற கோட்டைத் தாண்டினால் ஷோரூமிலேயே 1 சதவீதம் வருமான வரி (டி.சி.எஸ்.) பிடிப்பார்கள். அந்தப் பணம் நம்முடையதுதான். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான்.

இரண்டாவது செலவு, பழைய வண்டி. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. என்று வரிசையாகக் கையை விரிக்கும். இன்னும் எட்டு மாதம் ஓட்டுவதற்காக 60 ஆயிரம் செலவு செய்தால், விற்கும்போது அந்த 60 ஆயிரத்தை யாரும் கூட்டித் தர மாட்டார்கள். பழைய காருக்குக் கிடைக்கும் விலையும் மாதத்துக்கு மாதம் இறங்கும்.

மூன்றாவது செலவு, பணத்தில் எண்ண முடியாதது. அம்மாவின் முட்டி வலி, பிள்ளையோடு ஆஸ்பத்திரி ஓடுகிற ராத்திரி, நடுரோட்டில் நின்று போகிற பயம். இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பழைய மாடலுக்கு தள்ளுபடி... எடுக்கலாமா?

புது மாடல் நெருங்கும்போது பழைய ஸ்டாக்கைத் தள்ள ஷோரூம்காரர்கள் தள்ளுபடி தருவார்கள். வருஷக் கடைசியிலும் அப்படித்தான். இதில் லாபமும் இருக்கிறது, பொறியும் இருக்கிறது.

லாபம் என்னவென்றால், கடைசிக் காலத்தில் வருகிற பழைய மாடல் நன்றாகப் பக்குவப்பட்ட வண்டி. ஆரம்பத்தில் வந்த சின்னச் சின்ன கோளாறுகளை எல்லாம் கம்பெனி சரி செய்திருக்கும். வெளி மெக்கானிக்குக்கும் பழகிப் போயிருக்கும். உதிரிபாகம் தேடி அலைய வேண்டாம்.

பொறி எங்கே என்றால், தயாரித்த வருஷத்தில். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் எடுத்தால் ஆர்.சி. புத்தகத்தில் போன வருஷம் என்றுதான் இருக்கும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு மாத வித்தியாசம் ஒரு வருஷ வித்தியாசமாகத் தெரியும்.

இன்னொன்று, புது தலைமுறை ரோட்டுக்கு வந்ததும் பழைய உருவத்துக்கு மறுவிற்பனை மவுசு குறையும். மூன்று வருஷத்தில் வண்டி மாற்றுகிற பழக்கம் உள்ளவருக்கு இது பலமான அடி. ஆனால் எட்டு, பத்து வருஷம் வைத்து ஓட்டுகிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. பத்து வருஷம் ஆன வண்டியில் முகம் பழசா புதுசா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எஞ்சின் எப்படி, பாடி எப்படி என்றுதான் கேட்பார்கள்.

ஆக, ரொம்ப நாள் வைத்திருப்பவருக்கு பழைய மாடல் தள்ளுபடி லாபம். அடிக்கடி மாற்றுகிறவருக்கு புது மாடலே நல்லது.

புதுசு வந்ததும் ஓடிப்போய் எடுக்கலாமா?

அதிலும் ஒரு கதை இருக்கிறது.

செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்.யூ.வி.700 வண்டிக்கு 2021 அக்டோபர் 7-ந்தேதி புக்கிங் ஆரம்பித்தார்கள். 57 நிமிஷத்தில் 25 ஆயிரம் பேர் புக் பண்ணிவிட்டார்கள். அந்த 25 ஆயிரத்தோடு அறிமுக விலையும் முடிந்தது. 11.99 லட்சத்தில் ஆரம்பித்த வண்டி, 12.49 லட்சம் ஆனது. அப்போது உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வேறு. சில வகைகளுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே வண்டியின் உயர்ந்த வகையான ஏ.எக்ஸ்.7 விலையை 2024 ஜூலையில் கம்பெனியே அதிகபட்சம் 2.20 லட்சம் வரை குறைத்தது. அதற்கு முந்தின மாதம் முழு விலை கொடுத்து எடுத்தவரின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள்! 2026 ஜனவரியில் அந்த வண்டி முகமும் பெயரும் மாறி எக்ஸ்.யூ.வி.7எக்ஸ்ஓ ஆகிவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? புதுசு வந்ததும் தள்ளுபடி இருக்காது. கேட்ட கலர், கேட்ட வகை உடனே கிடைக்காது. முதல் சில மாதம் ஸ்கிரீன், சென்சார், சாஃப்ட்வேர் என்று சின்னக் கோளாறுகள் வரலாம், சர்வீஸ் சென்டருக்கே அது புதுசாக இருக்கும். எனவே புது மாடலுக்கு என்று முடிவு செய்தால், விலை அறிவித்த நாள் வரைக்கும் மட்டும் காத்திருந்தால் போதாது. வண்டி கையில் வர மேற்கொண்டு சில மாதம் ஆகலாம் என்று சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

உயிர் விஷயத்தில் மட்டும் பொறுக்கலாம்

ஒரு காரணத்துக்காகக் காத்திருப்பது நியாயம். அது பாதுகாப்பு.

2022-ல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் அப்போதைய கிரெட்டாவுக்கு 5-க்கு 3 ஸ்டார்தான் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷம் எக்ஸ்.யூ.வி.700 வண்டிக்கு 5 ஸ்டார் கிடைத்திருந்தது. 2023 அக்டோபர் முதல் ஹூண்டாய் தன் எல்லா கார்களிலும் ஆறு ஏர்பேக் கட்டாயம் ஆக்கியது. அதே மாதம் முதல் நம் நாட்டுக்கு என்றே பாரத் என்.சி.ஏ.பி. சோதனையும் வந்துவிட்டது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வகையில் ஏர்பேக் குறைவு, மோதல் சோதனை மதிப்பெண் சரியில்லை, புது தலைமுறையில் அது சரியாகும் என்று கம்பெனியே அறிவித்துவிட்டது என்றால் தாராளமாகப் பொறுங்கள். காத்திருக்க முடியாவிட்டால் அதே விலையில் நல்ல மதிப்பெண் வாங்கிய வேறு வண்டியைப் பாருங்கள். மேலே கண்ணாடிக் கூரை இருக்கிறதா என்று பார்க்கும் முன் ஸ்டார் எத்தனை என்று பாருங்கள்.

இ.எம்.ஐ. ஒத்திகை!

சரி, ஆவடி பட்டறைக்காரர் கதைக்கு வருவோம். அவர் 10 லட்சம் லோன் போடுகிறார். வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

5 வருஷம் என்றால் மாதத் தவணை 20,758 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 2.45 லட்சம்.

7 வருஷம் என்றால் மாதத் தவணை 16,089 ரூபாய். பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் மொத்த வட்டி 3.51 லட்சம் தாண்டிவிடும்.

புது மாடல் 1 லட்சம் கூடுதல் என்றால், 5 வருஷத் தவணையில் மாதம் 2,076 ரூபாய் ஏறும். புது ஸ்கிரீனுக்கும் புது விளக்குக்கும் 60 மாதம் 2,076 ரூபாய் தர மனசு வருகிறதா என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சரியான பதில் அங்கே கிடைக்கும்.

பழைய வண்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அவசரம் ஒன்றும் இல்லை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. இன்றைக்கே கார் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாதம் 20 ஆயிரம் ரூபாயைத் தனி கணக்கில் போட்டு வாருங்கள். ஒரு வருஷத்தில் 2.40 லட்சம் சேர்ந்துவிடும். லோன் 10 லட்சத்துக்குப் பதிலாக 7.60 லட்சம் போட்டால் போதும். மாதத் தவணை 20,758-லிருந்து 15,776 ரூபாயாக இறங்கிவிடும்.

இதில் இன்னொரு உபயோகமும் உண்டு. பட்டறையில் ஆர்டர் இல்லாத மாதத்திலும், ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற ஜூன் மாதத்திலும் அந்த 20 ஆயிரத்தைப் போட முடிந்ததா என்று பாருங்கள். போட முடிந்தால் தைரியமாக எடுக்கலாம். மூன்றாவது மாதமே தடுமாறினால் இந்த சைஸ் வண்டி இப்போது வேண்டாம் என்று அர்த்தம். கடன்காரன் வாசலுக்கு வந்து சொல்வதைவிட சேமிப்புப் புத்தகம் சொல்வது நல்லதுதானே!

காத்திருப்பதில் உருப்படியான காத்திருப்பு இதுதான். புது மாடல் வந்தாலும் வராவிட்டாலும் பணம் நம் கையில் இருக்கும்.

இவர்கள் காத்திருக்கலாம்

* பழைய வண்டி பெரிய செலவு வைக்காமல் இன்னும் ஆறு மாதமாவது ஓடும் என்கிறவர்கள்.

* கம்பெனி தேதி அறிவித்துவிட்ட, அல்லது வண்டியையே காட்டிவிட்ட மாடலைப் பார்ப்பவர்கள்.

* மூன்று, நான்கு வருஷத்தில் வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவர்கள்.

* பாதுகாப்பில் நிஜமான முன்னேற்றம் வரப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்கள்.

* காத்திருக்கும் மாதங்களில் முன்பணத்தைக் கூட்ட முடிந்தவர்கள்.

இவர்கள் காத்திருக்க வேண்டாம்

* வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, தொடர் சிகிச்சையில் இருப்பவர் என்று வண்டி அவசியமானவர்கள்.

* பழைய வண்டி மாதம் ஒரு முறை ஷெட்டுக்குப் போகிறது என்கிறவர்கள்.

* எட்டு, பத்து வருஷம் ஒரே வண்டியை ஓட்டுகிறவர்கள்.

* புது மாடல் பற்றிக் கேள்விப்பட்ட பேச்சைத் தவிர வேறு எந்த உறுதியும் இல்லாதவர்கள்.

ஷோரூமில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இந்த வண்டி எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது? வாயால் சொன்னால் போதாது. வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. நான் கட்டப் போவது புக் பண்ணிய நாள் விலையா, டெலிவரி நாள் விலையா? பெரும்பாலும் டெலிவரி நாள் விலைதான். இடையில் ஏறினால் நம் தலையில்தான்.

3. புக்கிங்கை ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா? எத்தனை நாளில்? ரசீதில் எழுதி வாங்குங்கள்.

4. தள்ளுபடி என்று சொல்வதில் ரொக்கமாகக் குறைவது எவ்வளவு? பழைய கார் மாற்றினால் தருவது எவ்வளவு? ஃப்ளோர் மேட், சீட் கவரை எல்லாம் தள்ளுபடியில் சேர்த்துச் சொல்கிறார்களா?

5. இன்சூரன்ஸ் எவ்வளவு? ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். புது காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

6. ஆன்ரோடு விலையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கேளுங்கள். புரியாத பெயரில் ஒரு தொகை இருந்தால் "இது எதுக்கு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

7. புது மாடல் வருவதாகச் சொல்கிறார்களே, உண்மையா? சேல்ஸ்மேன் "இல்லவே இல்ல சார்" என்றுதான் சொல்வார். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், தள்ளுபடியைப் பாருங்கள். போன மாதம் 20 ஆயிரம் குறைத்தவர் இந்த மாதம் திடீரென்று 80 ஆயிரம் குறைக்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக...

கம்பெனி புது மாடல் போடுவது அவர்களுடைய வியாபாரம். அதற்கு அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் வீட்டு அவசரம், நம் வீட்டு வருமானம் அந்தக் கணக்கில் கிடையாது. அதை நாம்தான் போட வேண்டும்.

பட்டறைக்காரருக்கு அம்மாவின் முட்டி வலி இன்றைக்கு இருக்கிறது. பத்து வருஷம் ஓட்டப் போகிற வண்டி. புது மாடலுக்குத் தேதி இல்லை, விலை இல்லை. கையில் 4 லட்சம் இருக்கிறது. தவணையை ஒரு ஆறு மாதம் ஒத்திகை பார்த்தாகிவிட்டது என்றால் அவருக்கான பதில் எளிது. தயாரித்த மாதத்தைப் பார்த்து, தள்ளுபடியைப் பேசி, நல்லபடியாக எடுத்துவிடலாம். ஒத்திகை பார்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டியது அந்த ஆறு மாதத்துக்காகத்தான், புது பம்பருக்காக இல்லை.

புது வண்டியில் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, மச்சானைப் பின் சீட்டில் ஏற்றி ஒரு ரவுண்டு கூட்டிப் போங்கள். "சூப்பரா இருக்கு மச்சான்" என்றுதான் சொல்வார். அடுத்த நிமிஷமே, "இதுல அடுத்த வருஷம்..." என்று ஆரம்பிப்பார். அப்போது பாட்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்!